பழையனூர் நீலியும் பேய் நம்பிக்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "ஒவ்வொரு தடவையும் கல்வெட்டு, செப்பேடுன்னே எழுதுறீங்க நயினார் ஐயா, இந்தத் தடவை எல்லாரும் படிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றார்கள். "சரி, பேயைப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

நான் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, 1979-ல் பம்பாய்க்கு வந்து எவர்சில்வர் பாத்திர வியாபாரம் செய்து பிழைத்தவன். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் படித்ததுதான் என் படிப்பு. பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

நீலிக் கண்ணீர்

பொய்யாக அழுகிறவளை 'நீலிக் கண்ணீர் வடிக்கிறாள்' என்கிறோம். அந்த நீலி யார்? மும்பையிலிருந்து சென்னை போகும் ரயில் அரக்கோணத்தைத் தாண்டியதும் திருவாலங்காடு என்று ஒரு சிறிய ஸ்டேஷன் வரும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காமல் போய்விடும். அந்த ஊரை ஒட்டியது பழையனூர். அதுதான் நீலியின் ஊர். ஊருக்குப் போகும் அவசரத்தில் நம்மில் எத்தனையோ பேர் அவளைக் கடந்து போயிருக்கிறோம்.

கதை பலவிதமாக வழங்குகிறது. பொதுவான சாரம் இதுதான். ஒருவன் தன் மனைவியைக் காட்டு வழியில் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகன். அவள் பழி தீர்க்க அலையும் பேய், நீலி. அவன் கையில் மந்திர வாள் இருப்பதால் அவளால் நெருங்க முடியவில்லை. கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் புருஷன் என்னைக் கைவிட்டு ஓடுகிறான்" என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் வந்து அழுகிறாள். அவன், "ஐயா, இது பெண் அல்ல, பேய்" என்று கதறுகிறான். சபையார் நம்பவில்லை. வாளை வாங்கி வைத்துக்கொண்டு, "உன் உயிருக்கு ஆபத்து வந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் கொடுக்கிறோம்" என்று வாக்களித்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினார்கள்.

இது பாட்டி கதை மட்டும் அல்ல. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே, வஞ்சனையால் ஒருவன் உயிரைக் கவர்ந்த ஒருத்தியைக் குறிப்பிடுகிறார். அது நீலியே என்பது வழிவழி வந்த கருத்து. முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு பழையனூரை அவ்வூர்க் கோயிலுக்கு அளித்த செய்தியைச் சொல்வது. ஆக ஊர் பழசு, கதையும் பழசு.

வேளாளர் வாய்மைக்குச் சான்றாக இக்கதையைச் சொல்வது மரபு. எழுபது பேரின் சத்தியம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் வியாபாரியான எனக்குக் கணக்கு வேறு இடத்தில் இடிக்கிறது. முதலில் கொலையுண்டவள் அவள் அல்லவா? அந்தக் கொலையை விசாரிக்க எந்தச் சபை கூடியது? பேரேட்டில் ஒருவர் பெயரில் பற்று எழுதியிருந்து, வரவு வராமலேயே ஆண்டு முடிந்தால் அந்தப் பாக்கியை அடுத்த ஆண்டுக் கணக்குக்குக் கொண்டுபோவோம். நீலி அப்படிக் கொண்டுபோகப்பட்ட பாக்கி. இன்று நம் பேச்சில் எஞ்சியிருப்பதோ அவளுடைய 'பொய்க் கண்ணீர்' மட்டும்.

ஆலங்காட்டில் இன்னொரு பேய்

இதே திருவாலங்காடுதான் காரைக்காலம்மையார் பாடிய ஊரும். அம்மையாரும் வணிகர் வீட்டு மனைவி. மாம்பழ அற்புதத்தைக் கண்டு பயந்த கணவன் பரமதத்தன், கப்பல் வியாபாரம் என்று சொல்லிப் போய், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்துகொண்டான். கைவிடப்பட்ட அம்மையார் தம் அழகுடலை உதறிப் பேய் உருவை இறைவனிடம் கேட்டுப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். ஆலங்காட்டில் ஆடும் பெருமான் திருவடிக்கீழ் இருந்து பாடினார்.

ஒரே ஊர். இரண்டு பேய்கள். இரண்டு பேருமே கணவனால் வஞ்சிக்கப்பட்ட அல்லது கைவிடப்பட்ட பெண்கள். ஒருத்தி பழி வாங்கினாள், ஒருத்தி பக்தி செய்தாள்.

தெற்கே குமரி, நெல்லைப் பகுதிகளில் நீலி கதையே இசக்கியம்மன் கதையோடு கலந்து வில்லுப்பாட்டாக வழங்குகிறது. 'இசக்கி' என்ற சொல் 'இயக்கி' என்பதன் திரிபு என்பர். இயக்கியர் எங்கள் சமணத்தில் தீர்த்தங்கரர்களுக்குப் பரிவார தெய்வங்கள். தாராவியில் குடியேறிய நெல்லைக்காரர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது, "எங்க இசக்கி உங்க சாமியா?" என்று ஆச்சரியப்பட்டார்கள்.

பேயாக வருகிறவர்கள் யார் என்று நீங்களே ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். பிரசவத்தில் செத்தவள், கிணற்றில் விழுந்தவள், கன்னியாகவே போனவள், அடித்துக் கொல்லப்பட்டவன். பேரன் பேத்தி எடுத்துத் தொண்ணூறு வயதில் நிறைவாகப் போன தாத்தா பேயாக வந்து அலைந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

நீலகேசியில் பேய் வாதியானாள்

ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசி எங்கள் சமண நூல். ஆசிரியர் பெயர் தெரியாது. இன்று பெரும்பகுதி மறைந்துபோன குண்டலகேசி என்ற பௌத்த நூலுக்கு மறுப்பாக எழுந்தது. சமயதிவாகரம் என்ற உரையுடன் இதனை 1936-ல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். அவரும் தமிழ்ச் சமணரே.

இந்நூலின் கதாநாயகி நம் பழையனூர் நீலிதான். பாஞ்சால நாட்டில் ஒரு சுடுகாடு, அருகே காளி கோயில். குழந்தை பிறந்த நேர்த்திக்கடனுக்கு ஆடு கோழி பலியிட வந்தவர்களை, அங்கு தவம் செய்த முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் தடுக்கிறார். "மண்ணால் செய்த உருவங்களை வையுங்கள், போதும்" என்கிறார். ஜனங்களும் கேட்டுக்கொள்கிறார்கள். பலி நின்றுபோன காளிக்குக் கோபம். முனிவரை விரட்டத் தென்னாட்டிலிருந்து பழையனூர் நீலியை வரவழைக்கிறாள். நீலி பயங்கர உருவங்களைக் காட்டுகிறாள். முனிவர் அசையவில்லை. அழகிய இளவரசி வடிவெடுத்து மயக்கப் பார்க்கிறாள். அதுவும் பலிக்கவில்லை. வந்தவள் யார் என்று முனிவருக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் அவளே உண்மையை ஒப்புக்கொண்டு அறம் கேட்கிறாள். அவர் கொல்லாமையை உபதேசிக்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முனிவர் அவளைக் கட்டவில்லை. வேப்பிலையால் அடிக்கவில்லை. ஆணி அடித்து மரத்தில் ஏற்றவில்லை. பேசினார், அவ்வளவுதான். அதன்பின் நீலி ஊர் ஊராகப் போய்க் குண்டலகேசி, மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர் என எல்லாரோடும் தருக்கம் புரிகிறாள். கடைசிச் சருக்கத்துக்குப் பூதவாதம் என்று பெயர். 'ஆகா, பேய்க் கதை வந்துவிட்டது' என்று நினைத்துவிடாதீர்கள்! பூதம் என்றால் அங்கே நிலம், நீர், தீ முதலானவை. உயிர் என்று தனியே ஒன்று இல்லை என்ற கட்சியை நீலகேசி மறுக்கும் பகுதி அது.

எதிர்ச்சமயத்தாரை நூல் கொஞ்சம் கடுமையாகவே சாடுகிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஊரே பயந்த ஒரு பேய்க்குத் தருக்க நூல் கற்றுக்கொடுத்து அறிஞர் சபையில் நிறுத்திய துணிவு என்னை அதிசயிக்க வைக்கிறது.

சமண நூல்கள் சொல்வது என்ன?

'ஆன்மா உண்டு என்கிறீர்கள், அப்புறம் பேய் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இதற்கு நேரடியாக விடை தருகிறது. ஓர் உடலை விட்ட உயிர் அடுத்த பிறவியை அடைய நான்கு சமயத்துக்கு மேல் ஆகாது. சமயம் என்பது காலத்தின் மிக நுண்ணிய அளவு. கண் இமைப்பதற்குள் எண்ணற்ற சமயங்கள் கழிந்துவிடும். ஆகவே செத்தவர் ஆவி புளியமரத்தில் பத்து வருஷம் தொங்கிக்கொண்டிருக்க எங்கள் சித்தாந்தத்தில் இடமே இல்லை.

ஆனால் வியந்தரர் என்ற தேவ வகுப்பு உண்டு. கின்னரர், கிம்புருடர், மகோரகர், கந்தருவர், இயக்கர், இராக்கதர், பூதர், பிசாசர் என எட்டு வகை. மனிதர் இறந்து இவ்வகுப்பில் பிறக்கலாம். ஆகவே கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. இருந்தாலும், அவரவர் வினைப்பயன் அன்றி வேறெவரும் நமக்கு நன்மை தீமை செய்ய முடியாது என்பதும், பயத்தாலோ ஆசையாலோ இவற்றை வணங்குவது தேவமூடம் என்பதும் சமணர் கொள்கை.

மணிமேகலையிலும் ஒரு சம்பவம் வருகிறது. சார்ங்கலன் என்ற சிறுவன் தெரியாமல் சுடுகாட்டுக்குள் போய், பேய் கூத்தாடுவதைக் கண்டு, வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிர் விடுகிறான். பேய் அவனைத் தொடக்கூட இல்லை. அவனைக் கொன்றது பயம்.

மேல்நாட்டார் ஆராய்ச்சி

நாம் மட்டும்தான் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். 1848-ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஹைட்ஸ்வில் என்ற ஊரில், ஃபாக்ஸ் சகோதரிகள் என்ற சிறுமிகள் ஆவி தட்டித் தட்டிப் பதில் சொல்கிறது என்றார்கள். அதிலிருந்து ஆவியுலகக் கொள்கை ஒரு மதம் போலவே பரவியது. நாற்பது வருஷம் கழித்து 1888-ல் அவர்களில் ஒருவர், அது கால்விரல் மூட்டைச் சொடுக்கி எழுப்பிய சத்தம் என்று மேடையில் செய்தே காட்டினார். மறு வருஷம் அதையும் மறுத்தார். நம்பியவர்கள் இரண்டு தடவையும் நம்பிக்கொண்டேதான் இருந்தார்கள்.

1882-ல் லண்டனில் இத்தகைய விஷயங்களை ஆராயவே ஒரு கழகம் ஏற்பட்டது. அதே 1882-ல்தான் பிரம்மஞான சபை சென்னை அடையாற்றுக்கு வந்தது. அங்கே நடந்ததாகச் சொன்ன அற்புதங்களை விசாரிக்க லண்டன் கழகம் ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்பவரை அனுப்பியது. அவை மோசடி என்று 1885-ல் அறிக்கை வெளிவந்தது. நூறு வருஷம் கழித்து 1986-ல் அக்கழகத்தின் இதழிலேயே ஒருவர் அந்த அறிக்கையின் முறையைக் குறை கூறி எழுதினார். விசாரித்தவரையும் விசாரிக்கும் இந்தப் பழக்கம் நல்ல பழக்கம்.

அக்கழகம் 17,000 பேரைக் கேட்டு 1894-ல் வெளியிட்ட கணக்கில், விழித்திருக்கையில் இல்லாத உருவத்தைக் கண்டதாகவோ குரலைக் கேட்டதாகவோ ஏறத்தாழப் பத்தில் ஒருவர் சொன்னார்கள். அத்தனை பேரும் பொய்யர்களா? இல்லை. அனுபவம் உண்மை, அதற்குச் சொல்லும் காரணம்தான் ஆராயத்தக்கது. கல்லும் சுவரும் பழைய சம்பவத்தை ஒலிநாடா போலப் பதிந்து வைத்துக்கொள்கின்றன என்று ஒரு கொள்கை. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வு காரணம் என்றார் இங்கிலாந்துப் பொறியாளர் விக் டாண்டி. தம் ஆய்வுக்கூடத்தில் கண்ட சாம்பல் நிற உருவத்துக்கு ஒரு மின்விசிறியின் அதிர்வே காரணம் என 1998-ல் எழுதினார். எல்லாப் பேய்க்கும் அது பொருந்துமா என்பது வேறு விஷயம்.

எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது தூக்க முடக்கம் என்பது. கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் இயங்காதபடி மூளை தளர்த்தி வைக்கிறது. சில வேளை அறிவு விழித்துக்கொள்ளும், உடம்பு விழிக்காது. கை கால் அசையாது, மூச்சு முட்டும், மார்மேல் யாரோ உட்கார்ந்தாற்போல் இருக்கும், அறையில் ஓர் உருவம் தெரியும். வாழ்நாளில் ஒரு தடவையாவது இது நேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் என்கிறது 2011-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு. நம் ஊரில் இதற்குப் பெயரே உண்டு: அமுக்குவான் பேய்.

எங்கள் வீட்டில் நடந்தது

இப்போது நான் சிரிக்காத காரணத்தைச் சொல்கிறேன்.

1972. எனக்குப் பதினொரு வயது. என் அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளை இரண்டாந்தாரமாகக் கொடுத்திருந்தார்கள். முதல் தாரம் கிணற்றில் விழுந்து இறந்தவர். எப்படி விழுந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய இரட்டை வடச் சங்கிலியைத்தான் கல்யாணத்தில் அக்காவுக்குப் போட்டார்கள்.

குழந்தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு ராத்திரி எனக்கு அமுக்குவான் வந்தது. கத்தினேன், சத்தம் வரவில்லை. காலையில், "கருப்பா ஒரு பொம்பள என் மார் மேல உட்கார்ந்தா" என்றேன். பெரியம்மா கேட்டார்கள்: "கழுத்துல சங்கிலி இருந்துச்சாடா?"

நான் எதையும் பார்க்கவில்லை. இருந்தும் "ஆமா" என்றேன். பெரியவர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் சொன்னேன்.

அக்கா அதற்கு முன்பே தூங்காமல், குழந்தையைத் தொடாமல் இருந்தாள். இரண்டு நாள் கழித்து, "அவ சங்கிலி என் கழுத்துல கெடக்கு, கழட்டுங்க, கழட்டுங்க" என்று கத்த ஆரம்பித்தாள். வீட்டுக்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. சங்கிலிப் பேச்சு என் 'ஆமா'வுக்குப் பிறகே அவள் வாயில் வந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. விளக்கு வைக்குமுன் சாப்பாட்டை முடிக்கும் வீடு எங்கள் வீடு. எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என் தாத்தா. நான்கு சமயக் கணக்கு அவருக்கு மனப்பாடம். அவரே பக்கத்து ஊரிலிருந்து பேயோட்டுபவரை வரவழைத்தார்.

மூன்று நாள். விவரம் எழுத மனம் வரவில்லை. மிளகாய்ப் புகையும் வேப்பங்குச்சி அடியும். தலைமுடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள். அக்காவுக்கு இடது காது அதிலிருந்து கேட்கவில்லை. மறு வருஷம் அப்பா அவளை வேலூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வருகிற நோய் இது, மருந்துக்குக் கேட்கும் என்றார் டாக்டர். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது என்று பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்கா குணமானாள். ஆனால் 'பேய் புடிச்சவ' வேண்டாம் என்று குழந்தையை வைத்துக்கொண்டு அவளை அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டிலேயே நாற்பது வருஷம் இருந்து 2014-ல் காலமானாள்.

2009-ல் ஊருக்குப் போனபோது நீலகேசிக் கதையை அவளுக்குச் சொன்னேன், வலது காதுப் பக்கம் உட்கார்ந்து. முனிச்சந்திரர் நீலிக்கு அறம் சொன்ன இடம் வந்ததும் நிறுத்தி, "அவரு அவள அடிக்கலையா?" என்று கேட்டாள். "இல்லக்கா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தச் சங்கிலி ரொம்பக் கனமா இருந்துச்சுடா" என்றாள். அன்றுதான் என் 'ஆமா'வைப் பற்றி அவளிடம் ஒப்புக்கொண்டேன். "சின்னப் பையன் நீ, கேட்டவங்கதான் யோசிச்சிருக்கணும்" என்றாள்.

முடிவுரை

மக்கள் ஏன் பேயை நம்புகிறார்கள்? உடம்பு ஒரு காரணம் தருகிறது: தூக்கம், பயம், நோய். பக்கத்தில் இருப்பவர் கேட்கும் கேள்வி அதற்கு முகமும் பெயரும் தருகிறது. ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது? ஊரும் குடும்பமும் விசாரிக்காமல் மூடிவைத்த விஷயத்திலிருந்து வருகிறது என்பது என் முடிவு. கிணற்றில் விழுந்தவரைப் பற்றி அன்றே கேட்டிருந்தால், அந்தச் சங்கிலியை அக்காவுக்குப் போட்டிருப்பார்களா?

நாம் வாழும் மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கையை எதிர்த்துப் பாடுபட்ட டாக்டர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வருட இறுதியில் நிறைவேறிய சட்டப்படி, பேயோட்டுவதாகச் சொல்லிக் கட்டுவதும் அடிப்பதும் மிளகாய்ப் புகை போடுவதும் குற்றம். தமிழ்நாட்டில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை நாடு முழுவதும் தடை செய்கிறது. சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நம் சங்க உறுப்பினர்கள் சிலரே பிள்ளை பெற்ற பெண்ணை ஊருக்குக் கூட்டிப்போய் 'பார்த்துவிட்டு' வருவது எனக்குத் தெரியும்.

அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்பிக்கை உங்கள் சொந்த விஷயம், அதில் நான் தலையிடவில்லை. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று அடிக்காமல் கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் குழந்தைகளிடம், அவர்கள் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும்படி எதையும் கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது 'நீலிக் கண்ணீர்' என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. பேரப்பிள்ளைகள் காரணம் கேட்டால் இந்தக் கட்டுரையைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.